ஆறு செல், நாலு செல், மூணு செல்

ஜூன் 29, ஞாயிறு

இது அணியின் நோட்டு. இதுவரை எழுதியவன் தரணி. சண்டைக்கு ஒரு பக்கம். என்ன உடைந்தது, எதை மாற்றினோம், எந்த பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கியது, எல்லாவற்றையும் அச்சடித்த மாதிரி எழுதி வைப்பான். அவன் வலது கை இப்போது எழுதுகிற நிலையில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்து வராது, விஷயம் வரும்.

மே 11 பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. அன்று காலையிலேயே போட்டு வைத்திருக்கிறான். அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறேன்.

நிலவரம். எங்கள் சண்டை ரோபோவின் பெயர் ஆட்டுக்கல். பதினைந்து கிலோ பிரிவு. முன்பக்கம் மூன்றரைக் கிலோ எஃகு உருளை சுற்றும், பல்லில் மாட்டுகிற எதிரியைத் தூக்கி வீசும். உருளைக்கு டிரம் என்று பெயர். நாங்கள் மூன்று பேர். உடம்பைச் செய்கிறவன் தரணி. ரிமோட் பிடித்து ஓட்டுகிறவன் ஃபைசல். மோட்டார், பேட்டரி, கண்ட்ரோலர் மூன்றும் நான். அடுத்த போட்டி செப்டம்பர் 13, சென்னை. தரணி வர முடியாவிட்டாலும் போகிறோம் என்று முடிவு. முடிவு செய்தது நான்.

கணபதியில் ஃபைசலின் மாமா ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டை ஏழு வாரம் கழித்து இன்று திறந்தோம். எலி வயரைக் கடித்திருக்கிறது. பெட்டியில் இருந்த மூன்று பேட்டரிகளில் இரண்டு தலையணை மாதிரி வீங்கிக் கிடந்தன. லித்தியம் பேட்டரியை முழு சார்ஜில் போட்டு வைக்கக் கூடாது. போட்டி முடிந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட் வரை இறக்கிவிட வேண்டும். அன்று யாரும் இறக்கவில்லை.

"இதப் பாத்தா எங்க பெரியத்தா மாதிரி இருக்குடா" என்றான் ஃபைசல், வீங்கினதைக் கையில் தூக்கி. கீழே வைடா என்று கத்தினேன். தேவைக்கு அதிகமாகக் கத்திவிட்டேன் போல. பிறகு அவன் ஜோக் அடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

மூல காரணம் பேட்டரி. இதை எழுதி வைக்கிறேன், யாரும் பின்னால் குழப்ப வேண்டாம்.

எங்களிடம் இருந்தது ஆறு செல், 22 வோல்ட். மேலே 60C என்று அச்சடித்திருக்கிறான். அப்படியென்றால் இந்த அளவு பேட்டரி 198 ஆம்பியர் கொடுக்க வேண்டும். வீங்காமல் மிஞ்சியதை இன்று லோடு போட்டு அளந்தேன். எண்பதைத் தாண்டினால் படுத்துவிடுகிறது. லேபிள் ஒட்டுகிறவனைச் சண்டை நடக்கிற கூண்டுக்குள் விட்டு டிரம்மைச் சுற்றவிட வேண்டும்.

மே 11 முதல் சண்டையில் இதுதான் நடந்தது. டிரம் எதிரியின் மேல் பட்ட நொடியில் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போய் கண்ட்ரோலர் அணைந்து, மறுபடி உயிர் வந்தது. ஆனால் டிரம் சுற்றவில்லை. ஏனென்றால் கண்ட்ரோலரில் ஒரு பாதுகாப்பு உண்டு. ரிமோட்டில் டிரம் ஸ்லைடர் மேலே இருக்கும்போது கரண்ட் வந்தால் மோட்டாரை ஓட்டாது. ஸ்லைடரை ஒருமுறை கீழே இறக்கி ஏற்றினால்தான் ஓடும். சண்டை நடுவில் ஃபைசலுக்கு அது தோன்றவில்லை. ஒன்றரை நிமிடம் வெறும் டப்பாவாக ஓடி அடி வாங்கினோம். தீர்ப்பில் எப்படியோ தப்பித்தோம்.

அடுத்த சண்டைக்கு முன் அந்தப் பாதுகாப்பை நான் நிறுத்தினேன். லேப்டாப்பில் ஒரு டிக்கை எடுக்கிற வேலை. என் இடத்தில் யாராக இருந்தாலும் செய்வார்கள். பேட்டரி ஒழுங்காக இருந்திருந்தால் அந்த டிக்கைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஜூலை 3

கேஸ் புக் செய்தேன். நாள் முழுக்கக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து தூறல்.

ஜூலை 6, ஞாயிறு

தரணி வீட்டுக்குப் போனேன். சௌரிபாளையம். போய் மூன்று வாரம் ஆகிவிட்டது என்று அவன் அம்மா கணக்குச் சொன்னார்.

"வா கண்ணு. எளச்சுப் போயிட்டயே. மெஸ்ஸுல ஒழுங்காத் திங்கறயா இல்லையா?"

தரணி இடது கையில் ஸ்பூன் பிடித்து உப்புமா தின்றுகொண்டிருந்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மோதிர விரல் மடங்கவில்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினேன்.

அவன் மோட்டார் பற்றிக் கேட்டான். சொன்னேன். பேட்டரி பற்றிச் சொன்னேன். தலையாட்டினான். பிறகு, எதிர்பார்த்ததுதான், லிங்க் பேச்சை எடுத்தான்.

லிங்க் என்பது கட்டைவிரல் அளவில் ஒரு பிளக். அதைச் செருகினால்தான் பேட்டரியிலிருந்து மெஷினுக்குக் கரண்ட் போகும். கூண்டுக்குள் வைத்துச் செருக வேண்டும், வெளியே எடுக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். எல்லாப் போட்டியிலும் விதி இது. எங்கள் அணியில் தரணி இன்னொன்று சேர்த்தான்: மெஷினுக்குள் கை விடுகிறவன் பையில்தான் லிங்க் இருக்க வேண்டும். தொலையாமல் இருக்க ஒரு சிவப்பு ஷூ லேஸைக் கட்டி வைத்திருந்தான்.

"எடுத்தேன்னுதான்டா எனக்கு ஞாபகம்" என்றான். "புடுங்கினேன், பையில போட்டேன், லேஸ் வெளிய தொங்குச்சு, உள்ள தள்ளினேன். படம் மாதிரி இருக்கு. ஆனா எடுத்திருந்தா எப்படி சுத்தும்? நீ சொல்லு."

"அவசரத்துல மறந்திருப்ப. விடு" என்றேன். வேறு என்ன சொல்வது.

"அதுக்கு முந்துன சண்டைல எடுத்தத இதோட போட்டுக் கொழப்பிக்கறேனோ என்னமோ."

"இருக்கும்."

கிளம்பும்போது அவன் அம்மா வாசல் வரை வந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைய துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்களாம். அது பீரோவுக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறதாம். "தொவைக்கோணும்னு எடுப்பேன் கண்ணு, கை வர மாட்டேங்குது. எறியவும் மனசில்ல. புதுப் பேன்ட்டு."

எறிந்துவிடுங்கள் என்று சொன்னேன். ரத்தக்கறை போகாது என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மோட்டார் முடிவு. டிரம்முக்குப் பழைய மோட்டாரே போதும். ஒரு வோல்ட்டுக்கு 730 சுற்று. பெல்ட்டில் பாதியாகக் குறைகிறது. ஆறு செல்லில் டிரம் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று போகும். அந்த வேகத்தில் அதற்குள் இருக்கிற ஆற்றல் சுமார் இரண்டாயிரம் ஜூல். நாலு செல் போட்டால் வேகம் மூன்றில் இரண்டாகும், ஆற்றல் தொள்ளாயிரத்துக்குள் இறங்கும்.

நாலு செல் போடுகிறேன். காரணங்கள்: எடை மிச்சம். கண்ட்ரோலர் சூடாகாது. பெல்ட் நீடிக்கும். மிச்சமாகிற எடையில் முன்தகட்டைத் தடிமனாக்கலாம்.

ஃபைசல் ஒத்துக்கொண்டான், முகம் சரியில்லை. பிறகு டிராயரைக் குடைந்துகொண்டே, "லேஸ் கட்டின லிங்க் எங்கடா?" என்றான்.

"அங்கயே போயிருக்கும். வேற இருக்கு."

"வேற எப்ப செஞ்சோம்?"

"செஞ்சேன்."

சக்கர மோட்டார்களுக்கு கிரீஸ் மாற்றினேன். வலதுபக்க கியர்பாக்ஸில் ஒரு பல் போயிருக்கிறது.

ஜூலை 16

பல் போன கியருக்கு ஆர்டர் போட்டேன். முடி வெட்டிக்கொண்டேன். கம்பெனியில் பம்ப் மோட்டார் டெஸ்டிங், நின்றுகொண்டே எட்டு மணி நேரம்.

ஜூலை 20, ஞாயிறு

ஃபைசல் தரணியைப் பார்த்துவிட்டு வந்தான். விஷயம் இது. தரணி வேலை பார்க்கிற வார்ப்பட ஆலையில் இரண்டு வருஷ டிரெய்னிங் ஜூனில் முடிந்தது. மெயின்டனன்ஸில் நிரந்தரமாகப் போடுவதாக இருந்தது. இரண்டு விரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேனல் வேலை தருகிறோம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே இருக்கிற சேஃப்டி ஆபீசர் போட்டி நடத்தினவர்களின் அறிக்கையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு வரி: 'லிங்கை அகற்றாமல் உறுப்பினர் கையை உள்ளே விட்டதே விபத்துக்குக் காரணம்.' கரண்ட்டை நிறுத்தாமல் மெஷினில் கை விடுகிறவனை மெயின்டனன்ஸில் எப்படிப் போடுவது என்கிறாராம். நியாயமான கேள்வி. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கேட்பேன். ஆகஸ்ட் கடைசியில் முடிவு சொல்வார்களாம்.

"வேல போனாக்கூட அவனுக்குப் பெரிசில்ல போலடா" என்றான் ஃபைசல். "வீட்ட விட்டுக் கெளம்பறப்ப கேஸ் மூடினமா, கதவு பூட்டினமான்னு நாலு தடவ திரும்பிப் போறான். என் தலையவே நான் நம்ப மாட்டேன்டாங்கறான். நீ ஒரு தடவ போய்ப் பேசு. அன்னிக்கு அவன் பக்கத்துல நீதான இருந்த?"

ஃபைசல் அப்போது தண்ணீர் வாங்கப் போயிருந்தான்.

நேரம் கிடைத்தால் போகிறேன் என்றேன். இந்த வாரம் பேட்டரி வருகிறது.

ஜூலை 26, சனி

நாலு செல் பேட்டரி வந்தது. செல்களின் உள் மின்தடை அளந்தேன். நாலும் சமம். நல்ல சரக்கு. மே மாதமே இதை வாங்கியிருக்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

சோதனை ஓட்டம். மெஷினை இரும்புக் கூண்டில் வைத்து, ரிமோட்டை ஃபைசல் பிடித்து, லிங்கை நான் செருக வேண்டும். என் கை வியர்த்திருந்தது. ஈரக்கையால் பேட்டரி முனையைத் தொடக்கூடாது என்பதால் ஃபைசலைச் செருகச் சொன்னேன்.

"பதினஞ்சு வோல்ட்டுக்கு ஈரக்கை என்ன பண்ணும்? நீதான படிச்சவன்?"

"சொன்னதச் செய்."

செருகினான். டிரம் சுற்றியது. ஐயாயிரத்து நானூறு. நான் ஷெட்டுக்கு வெளியே இருந்து சத்தத்தைக் கவனித்தேன். சத்தம் மோசம். நாலு செல்லிலும் இவ்வளவு அதிர்வு என்றால் பேரிங் தாங்காது.

மூன்று செல்லாகக் குறைக்கிறேன். ஐந்நூறு ஜூல்.

"அடுத்த வாரம் டார்ச்லைட் பேட்டரி போட்ரு" என்றான் ஃபைசல். "எதிரிக்காரனுக்கு வெளிச்சமாவது காட்டலாம்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தரணி அம்மா கலவைச் சாதம் கொடுத்தனுப்பியிருந்தார், மூன்று டப்பா, ஒன்றின் மேல் என் பேர் எழுதி. ஃபைசல் இரண்டு தின்றான். எனக்குப் பசியில்லை. நாய்க்கு வைத்தேன், அதுவும் எலுமிச்சை சாதத்தைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிரம்மைக் கழற்றிவிட்டேன். பதிலாக ஒரு சாய்தகடு, அடியில் நுழைந்து எதிரியைத் தூக்குகிற மாதிரி. அதற்கு ஒரு சின்ன கியர் மோட்டார் போதும். மூன்று செல்லே அதிகம். நகம் கூடப் பெயராது. சுழலும் ஆயுதம் இல்லாத மெஷின்கள் பல போட்டிகளில் ஜெயித்திருக்கின்றன.

ஃபைசல் வந்து பார்த்தான். தரையில் கிடந்த டிரம்மைக் காலால் உருட்டினான்.

"இது ஆட்டுக்கல் இல்லடா. மொறம்."

"எடை கணக்குப் பார்த்தா..."

"கணக்கு மயிரு. எதுக்குடா இப்படிப் பயப்படற? கை போனது அவனுக்கு. அவனே டிரம் போடுங்கறான். உனக்கு என்ன?"

நான் டிரம்மைத் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று செல்லையும் 3.8-க்கு இறக்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பதினொரு மணிக்குத் தரணி வந்தான். பஸ்ஸில், தனியாக. விபத்துக்குப் பிறகு ஷெட்டுக்கு வருவது இதுதான் முதல்முறை. மெஷினைச் சுற்றிவந்து பார்த்தான்.

"டிரம் எங்கடா?"

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

எடை என்று ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். லிங்க். அதில் கட்டியிருந்த லேஸ் சிவப்பாக இல்லை. பழுப்பு.

"நேத்து அம்மா அந்தத் துணிப் பையப் பிரிச்சாங்க. எத்தன நாளைக்குத்தான் வெச்சிருக்கறதுன்னு தொவைக்கப் போட்டாங்க. பேன்ட்டு வலது பாக்கெட்டுல இருந்துச்சு. நான் சொன்ன மாதிரியே, லேஸ் உள்ள தள்ளி."

"சரி" என்றேன்.

"சரியா?"

நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று நினைவிருக்கிறது. முதல் சண்டையில் வோல்டேஜ் விழுந்தது, 60C என்று பொய் சொன்ன லேபிள், கண்ட்ரோலர் மறுபடி உயிர் வந்தது. ஒரு ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். முழுக்கக் கேட்டான்.

"பேட்டரி மேல பழியப் போடாத" என்றான். "நான் கேக்கறது ஒண்ணுதான். இது என் பையில இருந்துச்சுன்னா மெஷின்ல இருந்தது எது?"

டிராயரைத் திறந்து இரண்டாவது லிங்கை எடுத்து அவன் வைத்ததன் பக்கத்தில் வைத்தேன். ஒரே அளவு, ஒரே பிளக். லேஸ் மட்டும் இல்லை.

"எப்ப செஞ்ச?"

"ஏப்ரல்ல."

"எதுக்கு?"

"நீ டீ குடிக்கப் போறப்பெல்லாம் லிங்க்க எடுத்துட்டுப் போயிருவ. வர்றதுக்கு அரை மணி ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் டெஸ்ட் பண்ண முடியாது."

"டீக்காகவா?"

"டீக்காகத்தான்."

சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், தோள் குலுங்க. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நின்றது.

"மூணு மாசமா எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டிருக்கறேன்டா நிரஞ்சா. எடுத்த ஞாபகம் இருக்கு, எடுக்கலேங்கறாங்க. மண்ட டாக்டர்கிட்டப் போகலாமான்னு அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா அழுதாங்க. நீ வந்து உக்காந்து, காலண்டரப் பாத்துட்டு, மறந்திருப்ப விடுன்ன."

"ஆமா."

"வெரலு போனது கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

இரண்டு லிங்கையும் எடுத்து இடது பையில் போட்டான். நோட்டைக் கேட்டான். இடது கையால் பக்கங்களைத் தள்ளி மே 11-க்கு வந்தான்.

"தேதி நான் போட்டேன். மீதிய நீ எழுது."

பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான்.

மே 11, ஞாயிறு. எழுதியது ஆகஸ்ட் 17.

இரண்டாவது சண்டை 2:10-க்கு முடிந்தது. ஜெயித்தோம். மூன்றாவது 2:35-க்குத் தொடங்க வேண்டும். கூண்டுக்குள்ளேயே தரணி லிங்கைப் பிடுங்கி வலது பையில் போட்டான். நான் பார்த்தேன். லேஸ் வெளியே தொங்கியது, உள்ளே தள்ளினான். அதையும் பார்த்தேன்.

மேஜைக்கு வந்து மூடியைத் திறந்தோம். பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் எதிரி மெஷினின் பிளாஸ்டிக் துண்டு மாட்டியிருந்தது. தரணி அதை எடுக்க வலது கையை உள்ளே விட்டான். ஃபைசல் தண்ணீர் வாங்கப் போனான். ரிமோட் ஆன் செய்தபடி மேஜையில் இருந்தது. நான் மல்டிமீட்டரை அதன் மேல் வைத்தேன். ஸ்லைடர் அப்போது மேலே நகர்ந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

நான் சார்ஜ் போட்ட வேறு பேட்டரியை மாட்டியிருந்தேன். அதன் வோல்டேஜை லேப்டாப்பில் பார்க்க வேண்டும். அதற்கு லிங்க் வேண்டும். லிங்கைக் கேட்டால், கையை எடுத்த பிறகுதான் தருவான். அவன் மெதுவாக வேலை செய்வான். இன்னும் பதினாறு நிமிடம்தான் இருந்தது. என்னிடம் இருந்த இரண்டாவது லிங்கைப் பின்பக்கமாகச் செருகினேன். கையை எடு என்று சொல்லவில்லை. டிரம் சுற்றாது என்று நினைத்தேன். ஸ்லைடர் மேலே இருந்தால் சுற்றவிடாத பாதுகாப்பைக் காலையில் நிறுத்தியவன் நான்தான். அந்த நொடியில் அது எனக்கு நினைவில்லை.

டிரம் சுற்றியது. ஒரு நொடிக்குள் லிங்கைப் பிடுங்கினேன். போதவில்லை.

நடுவர் லிங்க் எங்கே என்றார். என் கையில் இருந்ததைக் காட்டினேன். மெஷினில் இருந்தது இதுதான் என்றேன். அது உண்மை. எடுக்காமல் விட்டது யார் என்று கேட்டார். தரணி என்றேன். அது பொய். தரணி அப்போது ஆம்புலன்ஸில் இருந்தான்.

பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிரஞ்சன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மே 11 பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டி நடத்தினவர்களுக்கும், ஆலையின் சேஃப்டி ஆபீசருக்கும், தரணிக்கும், ஃபைசலுக்கும் அனுப்பினேன். கம்பெனிக்கு லீவு சொன்னேன்.

ஆகஸ்ட் 19

ஃபைசல் வந்தான். ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனான். அது அவனுடையதுதான்.

ஆகஸ்ட் 23, சனி

போட்டி நடத்தினவர்களிடமிருந்து மெயில். அறிக்கையைத் திருத்துகிறார்கள். எங்கும் கலந்துகொள்ள எனக்கு ஐந்து வருஷம் தடை. குறைச்சல்தான். ஆலையிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

தரணிக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நான்காவது தடவை அவன் அம்மா எடுத்தார். யாரென்று கேட்கவில்லை, போனில் என் பேர் வந்திருக்கும். மூச்சு மட்டும் கேட்டது. கண்ணு என்று சொல்வாரோ என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஷெட்டைப் பெருக்கினேன். வீங்கின இரண்டு பேட்டரிகளை மணல் வாளியில் வைத்து வெளியே எடுத்தேன். டிரம்மைத் துடைத்து எண்ணெய் பூசிப் பழைய இடத்தில் மாட்டினேன். பெல்ட் போட்டேன். கண்ட்ரோலரில் அந்த டிக்கைத் திரும்ப வைக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு கிளிக். ஆனால் அதற்கு மெஷினில் கரண்ட் வேண்டும், கரண்ட்டுக்கு லிங்க் வேண்டும். இரண்டும் தரணி பையில்.

புதிதாக ஒன்று செய்ய ஒரு பிளக்கும் நாலு அங்குல வயரும் வேண்டும். இரண்டும் மேஜையில் இருக்கின்றன. பற்றவைக்கிற சால்டர் சூடாக இருக்கிறது. நாலு நிமிட வேலை.

செய்யவில்லை. சால்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.